நாலாவது நாற்காலி

வண்டியில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் ஒரு படத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அப்போது ஆள்கணக்கில் குழப்பம் வரக் கூடாது.

ஓட்டுகிற இடத்தில் பாண்டித்துரை, வாடகை வண்டிக்காரர். அவருக்குப் பக்கத்தில் வல்லிநாயகம். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். நடு இருக்கையில் ஒரு ஓரம் அவர் மனைவி சங்கரவடிவு, மறு ஓரம் அவருடைய தம்பி மனைவி ஸ்ரீவித்யா. பின்னிருக்கையில் மகள் அபர்ணா, சென்னையில் வேலை, நாலு நாள் லீவில் வந்தவள்.

நடு இருக்கையில் இரண்டு பெண்களுக்கும் நடுவே ஒரு ஜவுளிக்கடைப் பை இருந்தது. அதற்குள் பிரிக்காத சட்டை ஒன்று.

அது செந்தில்வேலின் சட்டை. செந்தில்வேல் என்பவன் வல்லிநாயகத்தின் ஒரே தம்பி, ஸ்ரீவித்யாவின் கணவன். போன ஆனி மாதம் இறந்து போனவன்.

சட்டை வந்தது அதற்குப் பிறகு, தீபாவளிக்கு.

அனுப்பியவள் அக்கா பிச்சம்மாள். மும்பையில் செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். காது சுத்தமாகப் போய்விட்டது, போனில் பேச முடியாது. முகத்தைப் பார்த்துப் பேசுகிற போனை நீட்டினாலும், "இந்தக் கண்ணாடித் துண்டுல என்னத்தத் தெரியுது" என்று தள்ளிவிடுவாள். அவளுக்குக் கடிதம்தான். மாதம் ஒரு கடிதம் வல்லிநாயகம் எழுதுவார், தேதி போட்டு, ஊர் போட்டு, பத்தி பிரித்து. பக்கத்தின் அடியில் நாலு விரல் இடம் விடுவார். அந்த இடத்தில் செந்தில்வேல் நாலு வரி கிறுக்குவான். இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. அக்காவை வம்புக்கு இழுக்கிற நாலு வரி. அக்கா முதலில் படிப்பது அதைத்தான்.

அவன் இறந்தபோது அங்கே அவளுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. "இப்ப சொல்லிராதீங்க மாமா, அம்மா தாங்க மாட்டா" என்று மகன் போனில் கெஞ்சினான். சரி, ஒரு மாதம் போகட்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அந்த மாதக் கடிதத்தின் அடியில் வெற்றிடம் இருந்தால் கேட்பாளே? வல்லிநாயகம் பேனாவை இடப்பக்கம் சாய்த்து, தம்பி எழுதுகிற மாதிரி நாலு வரி எழுதினார். அடுத்த மாதமும் எழுதினார். ஒரு பொய்யை நிறுத்துவதற்கு என்று நல்ல நாள் எதுவும் வருவதில்லை. இதோ, வருஷத் திதி அடுத்த வாரம்.

போன மாதம் அக்காவிடமிருந்து பதில் வந்தது.

'செந்தில் இப்போதெல்லாம் என்னோடு சண்டை போடுவதில்லை. நல்ல பிள்ளையாக எழுதுகிறான். எனக்குப் பிடிக்கவில்லை. சீசனுக்குக் குற்றாலம் போய், நான் அனுப்பிய சட்டையைப் போட்டுக்கொண்டு எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்து, காகிதத்தில் போட்டு அனுப்பு. தலையை வெட்டாமல் எடு. இல்லையென்றால் ஆடி பிறந்ததும் நானே ரயிலேறி வந்துவிடுவேன். எனக்கு நெஞ்சுதான் பலவீனம், புத்திக்கு ஒன்றுமில்லை.'

ரயிலேறினால் வழியிலேயே என்னவாவது ஆகிவிடும் என்று மகன் சொன்னான். அதனால்தான் இந்தப் பயணம். வண்டியில் யாரும் குளிக்கிற துண்டுகூட ஒழுங்காக எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்பா, சித்தப்பா முகம் நேரா தெரியுத படம் ஒண்ணுகூட இல்லயேப்பா" என்றாள் அபர்ணா, போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தபடி. "பண்பொழிக்குப் போனது, பாவநாசம் போனது, போன சீசன்... எல்லாத்துலயும் ஒண்ணு தலை இல்ல, இல்லன்னா கண்ணு மூடியிருக்கு, இல்லன்னா குறுக்க உங்க வெரலு."

"வெயிலு கூசுச்சுட்டி. திரையில ஒண்ணும் தெரியல்ல."

"உங்கப்பா எங்க கல்யாண நாளுக்கு என்னைய ஒரு படம் எடுத்தாரு பாரு" என்றாள் சங்கரவடிவு. "கழுத்துக்கு மேல ஆளக் காணோம். தாலி மட்டும் தெளிவா விழுந்திருக்கு. அது போதும்னு விட்டுட்டாரு போல."

பாண்டித்துரை சிரித்தார். ஸ்ரீவித்யாகூட லேசாகச் சிரித்தாள். அவள் கை மட்டும் அந்தப் பை சரிந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

முகம் நேராகத் தெரிகிற படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கடையின் அடையாள அட்டைக்கு எடுத்தது. நினைவஞ்சலி போஸ்டருக்கும் அதைத்தான் போட்டார்கள். அதிலிருந்து முகத்தை எடுத்துப் புதிய படத்தில் ஒட்டிவிடலாம் என்பது அபர்ணாவின் யோசனை. முகம் ஒட்டலாம், உடம்புக்கு எங்கே போவது? அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், அதே சட்டையோடு ஓர் ஆள் நின்றால்தான் ஒட்டியது தெரியாது என்றாள். பாண்டித்துரைக்குச் செந்தில்வேலின் உயரம். தோள் அகலமும் ஏறக்குறைய அதே.

"சட்டையப் போடணும், நிக்கணும், அவ்வளவுதான அண்ணாச்சி?" என்றார் பாண்டித்துரை. "எம் பிள்ளைகளுக்கு எல்லாப் பொங்கலுக்கும் துணி எடுத்துக் குடுத்த மனுசன். நின்னுட்டாப் போச்சு."

செந்தில்வேல் தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் வேட்டி சட்டைப் பிரிவில் இருந்தான். காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறங்குகிறவரை நிற்கிற வேலை. ஆள் வராத நேரத்திலும் உட்கார முடியாது. கெண்டைக்கால் நரம்பெல்லாம் சுருண்டு, பச்சைப் பாம்பு மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். வீட்டுக்கு வந்ததும் வலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு கால்களைச் சுவரில் தூக்கிப் போட்டுப் படுப்பான். அவன் வந்துவிட்டான் என்பது தெருவுக்கே தைல வாசத்தில் தெரியும். கடையில், ஒரு வேட்டியை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றபடியேதான் சரிந்தான்.

மெயின் அருவிக்குப் போனதும் அங்கே படம் எடுக்கிற யோசனை அடிபட்டுப் போயிற்று. அவ்வளவு கூட்டம், அவ்வளவு திவலை. வல்லிநாயகம் தன் போனில் எடுத்த படத்தில் வெள்ளைப் புகை மட்டும் இருந்தது. அபர்ணா அதை வாங்கித் துப்பட்டாவின் உலர்ந்த நுனியால் லென்ஸைத் துடைத்தாள்.

"முதல்ல இதத் தொடைக்கணும்பா. பாதிப் படம் கெட்டுப் போறது அழுக்குலயும் தண்ணியிலயும்தான். அப்புறம், வெரலால இழுத்துப் பெருசாக்காதீங்க. கிட்ட வேணும்னா கிட்ட நடந்து போங்க. வெளிச்சம் ஆளு மூஞ்சியில விழணும், ஆளுக்குப் பின்னால இல்ல."

"இத்தனை வருசம் கழிச்சு இனி எங்க நான் படிக்கப் போறேன்."

"தலையாவது முழுசா விழட்டுமேப்பா."

ஐந்தருவி போகிற வழியில், சாலையைவிட்டு உள்ளே தள்ளி ஒரு பழைய வீட்டை ஒரு நாள் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். ஓட்டுக் கூரை. கதவைத் திறந்ததும் நனைந்த சாக்கு வாடையும், வௌவால் வாடையும், என்றைக்கோ கொளுத்திய கொசுவத்தியின் வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. சுவர்க் கண்ணாடியில் பூஞ்சை பிடித்து, எதிரே நிற்கிறவர் பாதிதான் தெரிந்தார். மற்றபடி அந்த வீட்டைக் குறை சொல்ல முடியாது. அங்கே யாரும் தூக்குப் போட்டுக்கொண்டதில்லை, கிணற்றில் விழுந்ததில்லை. அந்த வீட்டுக்கென்று ஒரு கதையும் கிடையாது. வந்தது, வண்டியில் கூடவே வந்தது.

பிற்பகலில் சாரல் நின்றது. மலையை மேகம் மூடியிருந்தது. சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தும் முற்றம் சாம்பல் பூத்தாற்போல் மங்கிக் கிடந்தது.

"இந்த வெளிச்சந்தான் நல்லது. மூஞ்சியில நெழலு விழாது" என்றாள் அபர்ணா.

வீட்டின் பின்பக்கம் பாசி பிடித்த மதில், ஒரு பலாமரம். அதன் முன்னால் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். இடது ஓரத்தில் வல்லிநாயகம். அடுத்து, மூன்று பேர் போக மிஞ்சுகிற நாலாவது நாற்காலி, செந்தில்வேலுக்கு. அதற்கடுத்து ஸ்ரீவித்யா. வலது ஓரத்தில் சங்கரவடிவு. அபர்ணா தரையில் அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொள்வாள். போனை எதிர்த் திண்டின்மேல் ஒரு செங்கலில் சாய்த்துவைத்து, தானாகவே இடைவெளி விட்டு விட்டுப் படம் எடுத்துக்கொண்டே இருக்கும்படி செய்துவிட்டாள்.

பாண்டித்துரை சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். இளநீலக் கட்டம். மடிப்புகூடக் கலையாத சட்டை. ஸ்ரீவித்யா தன்னையறியாமல் எழுந்து காலரை மடித்துவிடக் கையைக் கொண்டுபோனவள், பாதியில் நிறுத்திக் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"உக்காருங்க அண்ணே" என்று நாற்காலியைக் காட்டினாள் அபர்ணா.

பாண்டித்துரை தயங்கினார். "அண்ணாச்சிக்குச் சரிசமமா நான் எப்படிம்மா... அதுவும் அந்த அம்மா பக்கத்துல. நான் பின்னால நின்னுக்கிடுதேன்."

"பரவால்ல, உக்காருங்க."

"வேண்டாம்மா. நின்னா என்ன, நமக்குப் பழக்கம்தான."

அபர்ணா அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாண்டித்துரை உட்கார்ந்திருப்பார். ஆனால் அவருக்குக் களைப்பாக இருந்தது. வருஷம் முழுக்க இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதிய களைப்பு.

"சரி, நிக்கட்டும். சீக்கிரம் எடு" என்றார்.

சங்கரவடிவு தன் கைப்பையைத் தூக்கி அந்தக் காலி நாற்காலியில் வைத்தாள். பாண்டித்துரை அதற்குப் பின்னால் போய் நின்றார்.

"யாரும் திரும்பக் கூடாது. போனையே பாருங்க" என்று சொல்லிவிட்டு அபர்ணா ஓடிவந்து உட்கார்ந்தாள்.

டிக்.

"அப்பா, அண்ணாந்துக்கிட்டு நாடியத் தூக்காதீங்க."

டிக்.

"அண்ணாச்சி" என்றார் பாண்டித்துரை பின்னாலிருந்து. "என்னன்னு தெரியல்ல, காலு ரெண்டும் கடுக்குது. கெண்டைக்கால் விண்ணு விண்ணுங்கு."

"வண்டி ஓட்டுத ஆளுதான, அதாயிருக்கும். இந்தா முடிஞ்சிரும்."

டிக்.

வாசல் பக்கம் ஹாரன் அடித்தது. தண்ணீர் லாரி. வழியில் நின்ற வண்டியை ஒதுக்கச் சொல்லி விடாமல் அடித்தது. "ஒரு நிமிசம்" என்று பாண்டித்துரை ஓடினார். ஈர மண்ணில் அவர் காலடி சளக் சளக் என்று வீட்டைச் சுற்றிப் போய் ஓய்ந்தது.

அபர்ணா எழவில்லை. "நான் எந்திச்சா மறுபடி மொதல்லருந்து வைக்கணும். அது பாட்டுக்கு எடுக்கட்டும், நீங்க அப்படியே இருங்க."

இருந்தார்கள். பலா இலையிலிருந்து நீர் சொட்டிற்று.

டிக்.

முதலில் வந்தது வாசம். ஈர மண் வாடைக்கும் பாசி வாடைக்கும் நடுவே, மெல்லியதாக, காரமாக.

வலித் தைலம்.

குற்றாலத்தில் தைலத்துக்கா பஞ்சம், தெருவுக்குத் தெரு எண்ணெய் தேய்க்கிறவர்கள் என்று வல்லிநாயகம் நினைத்துக்கொண்டார். பக்கத்தில் ஸ்ரீவித்யாவின் மூச்சு நின்று போனதை அவர் கவனிக்கவில்லை.

டிக்.

அவர் தோளில் ஒரு கை விழுந்தது. உரிமையான கை. நிற்க முடியாதவன் பாரத்தைக் கொஞ்சம் இறக்கிவைக்கிற மாதிரி அழுத்திற்று. சட்டைத் துணியைத் தாண்டிக் குளிர் இறங்கியது.

காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல். அலுத்துப் போன குரல்.

"எவ்வளவு நேரம்ணே நிக்க?"

"இந்தா முடிஞ்சிரும்லே" என்றார் வல்லிநாயகம்.

சொல்லிமுடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

பாண்டித்துரையை அவர் ஒருநாளும் 'லே' போட்டதில்லை.

பாண்டித்துரை அவரை ஒருநாளும் 'அண்ணே' என்றதில்லை.

டிக்.

வீட்டைச் சுற்றிக்கொண்டு சளக் சளக் என்று காலடி வந்தது. இளநீலக் கட்டச் சட்டையில், தலையில் விழுந்த தூறலைத் துடைத்தபடி, பாண்டித்துரை எதிரே வந்து நின்றார்.

"வண்டிய ஒதுக்கிட்டேன் அண்ணாச்சி. இனி ஆரம்பிப்போமா?"

தோளிலிருந்த கை மெதுவாக, ஒவ்வொரு விரலாக எடுபட்டது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே கரண்டு இல்லை. நடுக்கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். போனின் வெளிச்சம் மட்டும் அபர்ணாவின் முகத்தில் விழுந்தது. அவள் ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். முதல் மூன்றில் நாலு நாற்காலி, பின்னால் இளநீலச் சட்டையில் பாண்டித்துரை.

அடுத்த இரண்டு படங்களில் அவர் இல்லை. பலாமரம் மட்டும். அதன் அடிமரத்துக்குப் பக்கத்தில் இருட்டு கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

அடுத்தது.

அபர்ணா போனைப் பாயில் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

வல்லிநாயகம் எடுத்துப் பார்த்தார். காலி நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆள் நின்றான். இளநீலச் சட்டை இல்லை. கடையில் கொடுக்கிற மெரூன் சட்டை. கழுத்தில் இன்ச் டேப் மாலை மாதிரி தொங்கியது. ஒரு கை அண்ணன் தோளில். தலை வெட்டுப்படவில்லை, கண் மூடவில்லை. அவன் ஆயுசில் அவனை எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான். நெற்றியில் விபூதி கலைந்திருப்பதுகூடத் தெரிந்தது. முகத்தில் கோபம் இல்லை. கடை சாத்துகிற நேரத்துக்கு வந்து, இன்னும் பத்து வேட்டி விரிக்கச் சொல்கிற வாடிக்கையாளரைப் பார்க்கிற களைப்புதான் இருந்தது.

"யாரோ பின்னால வந்து நின்னுருக்காங்க" என்றாள் சங்கரவடிவு, தனக்கே நம்பிக்கை இல்லாத குரலில். "கூட்டத்துல யாரோ... இங்கன சுத்துறவங்க..."

அபர்ணா விரலால் திரையின் மூலையைக் காட்டினாள். அவளுடைய போன் ஒரே முகமுள்ள படங்களைத் தானாகவே சேர்த்துச் சேர்த்து வைக்கும். ஒவ்வொரு முகத்துக்கும் அவள் ஒரு பெயர் கொடுத்து வைத்திருந்தாள். இந்தப் படத்தை அது ஏற்கெனவே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

'சித்தப்பா' என்று இருந்தது.

"அழிச்சிரவாப்பா?"

"குடு" என்றாள் ஸ்ரீவித்யா.

அவள் அலறவில்லை. போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். விரலால் படத்தைப் பெரிதாக்கி, முகத்தைத் தாண்டி, கீழே கீழே தள்ளிக்கொண்டு போனாள். நாற்காலிக் கால்களுக்கு நடுவே அவனுடைய கால்கள் தெரிந்த இடத்தில் நிறுத்தினாள்.

"வீங்கியிருக்கு" என்றாள்.

ஓட்டின்மேல் சாரல் மறுபடி பிடித்தது.

"எனக்கும் கேட்டுது அத்தான். எவ்வளவு நேரம் நிக்கன்னு தான கேட்டாக?" அவள் வல்லிநாயகத்தைப் பார்க்காமல் பேசினாள். "நாலாவது சேர் சும்மாத்தான கெடந்தது. பையத் தூக்கி வச்சோம். அவுகள உக்காரச் சொல்ல ஒரு ஆளு இல்ல."

"வித்யா..."

"கடையிலதான் உக்கார விடல்ல. செத்த பெறகு நாமளும் ஒரு வருசமா நிக்க வச்சிருக்கோம். அவுக பேருல இனிமே எழுதாதீங்க அத்தான். போகவும் விடாம, இருக்கவும் விடாம... எத்தன நாளைக்கு?"

"அக்கா தாங்குவாளா?"

"தாங்குவாகளோ என்னமோ. இவுகளால தாங்க முடியல்லையே."

ராத்திரி தங்க யாருக்கும் மனசில்லை. சாமான்களை அள்ளிக்கொண்டு இருட்டுவதற்குள் தென்காசி திரும்பினார்கள். இறக்கிவிட்டதும் பாண்டித்துரை சட்டையை மடித்துக் கொண்டுவந்து நீட்டினார். படத்தைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

"நீங்களே வச்சுக்கிடுங்களேன் பாண்டி."

"வேண்டாம் அண்ணாச்சி. சட்டையக் கழட்டுன பெறகுதான் காலு வலி விட்டுது." சட்டையை ஒருமுறை மோந்து பார்த்தார். "இதுல தைல வாடை வேற அடிக்கி. நான் தைலமே தேய்க்கதில்ல."

மறுநாள் காலையில் வல்லிநாயகம் மேஜை முன் உட்கார்ந்தார். தேதி போட்டார். ஊர் போட்டார். 'நலம், நலமறிய அவா' என்று எழுதப் போய், முதல் எழுத்திலேயே நிறுத்தினார். தாளைக் கிழித்துவிட்டு வேறு எடுத்தார்.

'அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வல்லிநாயகம் எழுதிக்கொண்டது. இதைப் படிக்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள். செந்தில் போன ஆனியிலேயே நம்மை விட்டுப் போய்விட்டான். கடையில் நின்றுகொண்டிருந்தபோது நெஞ்சுவலி. அதற்குப் பிறகு அடியில் வந்த நாலு வரியெல்லாம் நான் எழுதியது. முதலில் உன் நெஞ்சுக்குப் பயந்து எழுதினேன். பிறகு நிறுத்தத் தெரியாமல் எழுதினேன். உன் புத்திக்கு ஒன்றுமில்லை என்று நீயே சொன்னதால் இப்போது சொல்கிறேன். நீ கேட்ட படம் இதோடு இருக்கிறது. இதில் யாரும் எதையும் ஒட்டவில்லை. எப்படி விழுந்தது என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது.'

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பார்த்தார். பழக்க தோஷத்தில் அடியில் நாலு விரல் இடம் விட்டிருந்தார். பேனா தானாக இடப்பக்கம் சாய்ந்தது. அவர் மூடியைப் போட்டு மூடினார். அந்த இடம் வெள்ளையாகவே இருந்தது.

படத்தை அனுப்ப வேண்டுமா என்று சங்கரவடிவு இரண்டு தடவை கேட்டாள். "அவ தம்பியப் பாக்கணும்னு தான கேட்டா. பாக்கட்டும்" என்றார். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒலி முகம்மதுவின் ஸ்டுடியோவில் அதைக் காகிதத்தில் போட்டு வாங்கினார். ஒலி முகம்மது புதிதாக வந்தவர், செந்தில்வேலைத் தெரியாது. "யாரு அண்ணாச்சி எடுத்தது? சோக்கா விழுந்திருக்கே" என்று மட்டும் சொன்னார். ஸ்டுடியோ வாசலில் நின்று வல்லிநாயகம் படத்தை ஒருமுறை பார்த்தார். காலி நாற்காலியில் கைப்பை. பின்னால் நிற்கிற தம்பி. தோளில் கை. தாளை மடித்து, படத்தை அதற்குள் வைத்து உறைக்குள் போட்டார்.

தபால் நிலையத்தில் கூட்டம் இல்லை. சாரல் காலத்தில் உறைகளின் பசை சரியாகப் பிடிக்காது. கவுண்டரில் இருந்த பெண் பசை டப்பாவைத் தள்ளினாள். "நல்லா அமுக்கி ஒட்டுங்க சார். பம்பாய் போய்ச் சேர்றதுக்குள்ள பிரிஞ்சுக்கிடும்."

அவர் பசை தடவி, ஓரம் ஓரமாக அழுத்தி ஒட்டினார். அவள் எடை போட்டாள், ஒரு சீட்டை ஒட்டினாள், ஓங்கி முத்திரை குத்தினாள். உறை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த பைக்குள் விழுந்தது.

ஒரு வருஷத்தில் முதல்முறையாக மூச்சு முழுசாக உள்ளே போய் வந்தது. ஓரத்திலிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அக்காவுக்குச் சொல்லியாயிற்று. இனி அவன் நிற்க வேண்டியதில்லை. அபர்ணா அனுப்பியிருந்த அந்தப் படத்தைத் தன் போனிலிருந்து எடுத்துவிடலாம் என்று, அழிக்கத்தான் திறந்தார்.

பலாமரம் இருந்தது. மதில் இருந்தது. நாற்காலிகளுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். லென்ஸைத் துடைப்பது மாதிரி, திரையையும் வேட்டி நுனியால் துடைத்தார்.

அவருக்கும் ஸ்ரீவித்யாவுக்கும் நடுவில், நாலாவது நாற்காலியில், செந்தில்வேல் உட்கார்ந்திருந்தான்.

சங்கரவடிவின் கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தான். வீங்கின கால்கள் இரண்டையும் முன்னால் நீட்டிப் போட்டிருந்தான். முதுகு நன்றாகச் சாய்ந்திருந்தது. பெஞ்சில் வல்லிநாயகத்துக்குப் பக்கத்திலிருந்து தைல வாசம் வந்தது.

கவுண்டருக்குப் பின்னால் ஒருவர் தபால் பையின் வாயை இறுக்கிக் கட்டி, வெளியே நின்ற வண்டியை நோக்கித் தூக்கிக்கொண்டு போனார். அந்த உறைக்குள் போன படத்தில் அவன் நிற்கிறானா, உட்கார்ந்திருக்கிறானா என்று இனிப் பார்க்க வழியில்லை.

இந்தப் படத்தில் அவன் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால், எழுந்து போகிற ஆளாகத் தெரியவில்லை.